மாற்றித் தருவோம்

பெர்கனில் மழை. குடையை உதறிவிட்டு
உள்ளே வருகிறாள் தூருன்.
முன்னாள் கணவனின் கல்யாணத்துக்குப்
பரிசு வாங்க வேண்டும்.

எனாமல் குவளையில் செதில் பெயர்ந்த விளிம்பு.
விரலுக்கோ வழுவழு:
பெயர்ந்ததையும் வரைந்திருக்கிறார்கள்.
விளக்கில், போன மார்ச்சில் பூசிய களிம்பு.
நீராவிக் கப்பல் காலத்துக் கடிகாரம்
பேட்டரி தீர்ந்து நிற்கிறது.

“பழைய பாணி, புதுச் சரக்கு” என்கிறார் ஹால்வர்.
“உடைந்தால் மாற்றித் தருவோம்.”

பதினொரு வருடக் குடித்தனத்தில்
இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை.
சிரிப்பு வந்துவிடுகிறது.

அவர்களுக்கு இரண்டு குவளை, காகிதம் சுற்றி.
தனக்கென்று துணி அட்டை போட்ட செவ்வியல் நாவல்;
கடைசிப் பக்கம் புரட்டி,
எல்லாரும் சாகிறார்கள் என்று தெரிந்தபின் எடுத்தது.

ஈரக் கட்டைவிரல் அட்டையில் பதிகிறது.
ஹால்வர் துணியோடு ஓடிவருகிறார்.

“இருக்கட்டும்,
இது என் கறை.”