பெயர் போன புட்டிகள்

லீவன் நிலவறைக்குள் இறங்கி
இருபது நிமிடம் ஆகிறது.
அடுப்பில் கருஞ்சிப்பிகள் வாய் திறந்துவிட்டன.

போன ஜனவரியில்
கெண்ட் நகரத்து லெய் ஆறு
எங்கள் படிக்கட்டில் ஒன்பது படி ஏறி வந்து
மூன்று நாள் தங்கிப் போனது.
ஒரு புட்டியையும் உடைக்கவில்லை.
லேபிள்களை மட்டும் உரித்துத் தின்றிருந்தது.

நூற்றுப் பதினான்கு பியர்.
எல்லாம் ஒரே பழுப்பு.

முன்பெல்லாம் தேதி பார்ப்பான்:
இது இன்னும் இரண்டு வருடம் கிடக்கட்டும்,
இது யோரிஸ் வீடு திரும்பும் நாளுக்கு,
இது விலை அதிகம், தொடாதே.
செவ்வாய்க்கிழமைக்கென்று
எதுவுமே இருந்ததில்லை.

இப்போது ஒவ்வொன்றாய் விளக்கில் தூக்கிப் பார்க்கிறான்.
அடியில் தங்கிய வண்டலை,
கழுத்தின் நீளத்தை.
தக்கையை மோந்துகூடப் பார்க்கிறான்.
"ஏதோ ஒன்று!" என்று
மேலிருந்து கத்துகிறேன்.

ஒருவழியாக வருகிறான்,
ஒன்றைச் சாய்த்தபடி, அசைக்காமல்.
தக்கை கூரையில் இடித்து
எங்கோ அலமாரிக்குப் பின்னால் விழுகிறது.

முதல் மிடறு.
செர்ரிப் புளிப்பு.
அவன் குவளையை மேசையில் வைத்துவிட்டான்.
யோரிஸுடையது.

என் குவளையை நீட்டினேன்.
நிறைய ஊற்று, லீவன்.
சிப்பி ஆறுகிறது.