நுரையீரலுக்கு வந்த ஃபிலிம்

மதராஸிலிருந்து வந்த கார்டில் ஒரே வரி: ஸ்டாக் இல்லை.
கும்பகோணத்துக் கடைக்காரர்
ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்.
நாகூர் ஜெகபர் சிங்கப்பூர்க் கப்பலில் கொண்டுவந்த நாலு ரோலில்
இரண்டு ஈரம் குடித்தவை.

ஹைப்போவுக்குப் பதில் வேதாரண்யம் உப்பு.
கரைத்து ஊற்றி விடியவிடியக் காத்திருந்தேன்.
ஹால் டிக்கெட் பையனின் முகம்
மூக்கு வரைக்கும் நின்றது.

கடைசியில் தஞ்சாவூர் கம்பவுண்டர் சவரிமுத்துதான்
தேதி தாண்டிய எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு பெட்டி
சாக்கில் சுற்றி
திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் போட்டுவிட்டார்.
காசு வேண்டாம், வெளியே சொல்லாதே.

சிவப்பு விளக்கில் கத்தரி போட்டேன்.
யாரோ இருமுகிறவன் நெஞ்சுக்கென்று வந்தது
தையல்நாயகி கல்யாணத்துக்கு ஆறு துண்டு.
ஆறுக்கு மேல் எல்லாம் வெறும் ஃப்ளாஷ்.
மாப்பிள்ளையின் பெரியப்பா
மீசையை ஒதுக்கிக்கொண்டு
நாலு தடவை வந்து நின்றார் அந்த வெளிச்சத்தில்.

டிரேயில் மெல்ல ஏறி வந்தாள்.
குங்குமம் கறுப்பு, உதடு கறுப்பு,
சுற்றி நின்ற வேட்டிகள் மட்டும் தும்பை.
"எம் பொண்ணு இம்புட்டுக் கறுப்பா?"
தாய்க்காரி பாதிப் பணம்தான் தந்தாள்.

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் மதகுக்கு வந்த வாரம்
பெரியப்பா வீட்டு ஆள்,
சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு கால் ஊன்றி:
"அன்னிக்கு எடுத்தீங்களே, அதுல ஒண்ணு,
மாலை போடுற அளவுக்குப் பெருசா."

நெகட்டிவைத் தேடிப் பார்க்கிறேன் என்றேன்.
இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு
தேடவும் செய்தேன்.