பதினேழு புள்ளி இரண்டு

மயக்க மருந்து ஏறிய பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.
குதாய்சி. மார்ச் மாதம். மழை.
ஏழு வாரத்துக் குழந்தை, தெக்லே என்று பெயர்.
இடக்கண் பாவையில் வெள்ளை,
ஆறிய பாலின் மேல் படிந்த ஆடை.

இமைகளைக் கம்பி விரித்துப் பிடித்திருக்கிறது.
பென்சில் முனை அளவு ஆய்வுகோல்.
தொட வேண்டும், அழுத்தக் கூடாது.
அழுத்தினால் கண் குறுகும்;
என் கையின் கனத்தைக் கழித்துச் சொல்ல
எந்திரத்துக்குத் தெரியாது.

ஒலி உள்ளே போய்த் திரும்புகிறது.
திரையில் முகடுகள்:
கருவிழி, வில்லையின் முகம், வில்லையின் முதுகு,
கடைசியில் செங்குத்தாக விழித்திரை.
பதினாறு புள்ளி எட்டு. தள்ளு, அழுத்திவிட்டேன்.
பதினேழு புள்ளி ஒன்று.
பதினேழு புள்ளி இரண்டு.
மறுபடியும் இரண்டு.
வலக்கண் பதினெட்டு புள்ளி ஐந்து.
ஒரே முகத்தில் ஒன்றாய்ப் பிறந்தவை,
அதற்குள் ஒன்று பின்தங்கிவிட்டது.

வெளியே பெஞ்சில் அவள் அப்பா கோச்சா,
நனைந்த தொப்பியைப் பிழிந்தபடி:
முன்னிருந்து பின்வரை மொத்தம் எத்தனை?
விரலிடுக்கில் காட்டினேன்.
தன் கட்டைவிரல் நகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.
இதற்குள்ளேயா எல்லாம், என்றார்.

டாக்டர் லம்சிரா வில்லையை எடுத்தார்.
அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.
காலையில் அம்மா போட்டுவிடும் காண்டாக்ட் லென்ஸ்
பாதி நாள் தலையணையில்தான் கிடைக்கும்.

இரண்டு வருடம்.
நடந்து வந்தாள், நல்ல கண்ணின் மேல்
மீன் படம் போட்ட ஒட்டுடன்.
சோம்பல் கண்ணுக்கு அதுதான் பாடம்.
நாற்காலியில் உட்கார், என்றேன்.
"ஆரா," என்றாள். அவர்கள் மொழியில் மாட்டேன் என்பதற்கு
அதற்கு மேல் சொல் தேவையில்லை.
ஒட்டைப் பிய்த்தாள்,
என் எந்திரத்தின் திரைமேல் ஒட்டினாள்,
நடுவில், அழுத்தி.

தூங்கவைத்துத்தான் அளந்தோம்.
என் அட்டவணை இருபதோடு நிறுத்தியிருந்தது.
கண் இருபது புள்ளி ஒன்பதில் இருந்தது.
அட்டவணைக்கு இவளைத் தெரியாது.

இனி வைக்கப்போகும் வில்லைக்கு
இன்றைக்குச் சரியான எண்ணை எழுதக் கூடாது.
கொஞ்சம் குறைத்து எழுத வேண்டும்,
பதினைந்து வயதில் ஒருத்தி வருவாள்,
அவள் கண்ணுக்கு.
அவளை நான் பார்த்ததில்லை.
எவ்வளவு குறைப்பது என்று
லம்சிராவும் நானும் தேநீர் ஆறும்வரை தர்க்கித்தோம்.

மீன் இன்னும் திரையில்தான் இருந்தது.
உரிக்க மனம் வரவில்லை.
கழுத்தைச் சாய்த்து, ஓரத்தில் தெரிந்த எண்ணைப்
படித்துப் படித்து எழுதினேன்.