இதர, இருபது எழுத்துக்குள்

இரவு பன்னிரண்டுக்குக் கதவடைக்கிறார்கள்.
கொளப்பள்ளியில் இந்த மழைக்கு
சிக்னல் கிடைப்பது ரேஷன் கடை மாடிப்படியில்,
ஐந்தாவது படி.
ஆறாவதில் கிடையாது.

ஐந்தாவதில் நான், குழுவின் பொருளாளர்,
பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறவள்.
மடியில் நிரோஷன் இரவல் வாங்கிவந்த கணினி.
மேலே குடை.

கேட்கும் தொகை மூன்று லட்சம்.
எங்கள் சீட்டில் இதுவரை விழுந்ததில் பெரியது
பதினெட்டாயிரம்.
சைபர்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

முதல் பக்கம் தொல்லையில்லை.
பெயர், பான் எண், பதிவு எண்.
பதிவுக்காக ஊட்டிக்கு ஏழு நடை போனோமே,
அந்த பஸ் காசை
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் ஒரு அம்புக்குறி.
தொட்டால் தொங்குகிறது பட்டியல்:
பழங்குடி. நாட்டார். செவ்வியல். சமகாலம். இதர.

பழங்குடி நாம் இல்லை,
அது பணியர்களுக்கு உள்ளது, கைவைக்காதே என்றான் நிரோஷன்.
நாட்டார் என்று போடு என்றான் செபஸ்தி.
எந்த நாட்டார் என்று கேட்டாள் ஞானசௌந்தரி.
கொஞ்ச நேரம்
குடைமேல் மழை மட்டும் பேசியது.

எங்களுடையது பைலா.
போர்த்துக்கீசியன் கப்பலில் ஏறி,
ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் கையில் தாளம் பழகி,
சிங்களம் பேசி,
ஹட்டன் லயத்தில் யாரோ ஒருவரின்
ரேடியோ வழியாகக் குளிருக்குள் புகுந்தது.
இரண்டு அரசுகள் உட்கார்ந்து
உனக்கு இத்தனை தலை, எனக்கு இத்தனை என்று
பங்கு பிரித்தபோது
அதை யாரும் எண்ணவில்லை.
தலைமன்னாரில் டிரங்குப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தவர்
நகையைத் தேடினார்.
ஆறெட்டுத் தாளம்
பெட்டிக்கு வெளியே
எட்டு வயதுப் பெண்ணின் காலில் நின்றுகொண்டிருந்தது.

இதர என்பதைத் தொட்டேன்.
சின்னதாய் ஒரு பெட்டி திறந்து
குறிப்பிடவும், இருபது எழுத்துக்குள் என்றது.

தாயகம் திரும்பியோர்.
ரேஷன் அட்டையில், டேன்டீ பதிவேட்டில்
அரசாங்கம் எங்களுக்கு வைத்த பெயர்.
புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும்
தனித்தனியாக எண்ணுகிறது கணினி.
பத்தொன்பது. மீதி ஒன்று.
பைலாவுக்கு நான்கு வேண்டும்.

அந்தப் பெயரில் நாங்கள் அடங்குகிறோம்,
பாட்டு அடங்கவில்லை.

சிலோன்காரர் என்றாள் சௌந்தரி, யாரையும் பார்க்காமல்.
கூடலூர் பள்ளியில்
பின் பெஞ்சிலிருந்து அவள் முதுகில் எறியப்பட்ட சொல்.
அங்கே இந்தியாக்காரன் என்றார்களாம்,
அதுவும் இதே அளவுக் கல்தான்.
தட்டிப் பார்த்தேன்:
சிலோன்காரர் பைலா. பதினாறு.
நான்கு இடம் மீதி.
இன்னொரு பைலா போடு, சரியாக இருக்கும் என்றான் செபஸ்தி.
போட்டேன். சிரித்தோம். அழித்தேன்.

அப்புறம் பட்ஜெட்.
பேஸ் கிட்டார், ஜெனரேட்டர் வாடகை,
ஆட்டம் முடிந்ததும் ஆட்களை லைன் வீடுகளில் இறக்க
ஜீப், இரண்டு நடை.
காரணம் எழுதச் சொன்னது.
யானை என்று எழுதினேன்.
அழித்துவிட்டு
பார்வையாளர் பாதுகாப்பு என்று எழுதினேன்.
கடைசி வரியில் சிவப்பாக ஒன்று மின்னியது:
இதர பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது.
நான் சத்தமாகப் படித்தேன்.
கீழே மூன்று பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினொன்று ஐம்பத்தேழு.
வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.
சௌந்தரி கைப்பிடிக் கம்பியில்
விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.
இது தானியங்கிச் செய்தி, பதில் அனுப்ப வேண்டாம்.

நன்றின்னு ஒரு வார்த்தை போட்டுடு என்றான் செபஸ்தி,
மரியாதைக்கு.

முடிவு தெரியத் தொண்ணூறு நாள்.
ஞாயிற்றுக்கிழமை அய்யன்கொல்லியில் காதுகுத்து,
மூவாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு தனி.
டார்ச்சை அடித்துக்கொண்டு நிரோஷன் முன்னால் போனான்.
தேயிலைக்குள் ஏதோ கிளை முறிந்தது.
நின்றோம்.
கணினியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன்,
இரவல் பொருள்.