மூன்றாம் டிவிஷன்

மத்தியானம் மானேஜர் வந்து சொன்னார்:
பால் லோரித் தொட்டியை எடுத்துவிடு, குணாளா,
நாளைக்குப் புது ஆட்கள், பலகை போடு.

கித்தா நின்று எட்டு வருஷம்.
தொட்டிக்குள் ஒட்டுப்பால் கறுத்துப்போய்,
நாற்றம் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.
நாலு கால்களையும் கேஸ் வைத்து அறுத்தேன்.
சரிந்து செம்பனை மட்டைகள்மேல் விழுந்தது.
ஓட்டைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தேன்.

இரவில் எனக்கு இன்னொரு பட்டறை,
பகாவ் டவுன், கோப்பிக் கடைக்கு மேலே:
பசை, சாமணம், பச்சைச் சாயம்,
உள்ளங்கை நீளத்தில் ஒரு கனடா டாங்கி.
பேர் ராம். நம்ம சாமி இல்லை,
செம்மறிக் கடா.

கடல் தாண்டிப் போருக்கு வந்த கடாவை
பீரங்கி சின்னது என்று ஒதுக்கிவிட்டார்கள்.
பிறகு கோபுரத்தையே கழற்றினார்கள்.
அந்தக் குழியில் பத்துப் பேர் குந்திக்கொண்டார்கள்.
அதன்பின் அதற்கு வேலை சுடுவதில்லை, சுமப்பது.
பேரும் மாறியது: கங்காரு.

கழற்றிய கோபுரம் ஆஷ்ட்ரே பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது.

அந்தப் படைகளின் நாட்குறிப்பில் எல்லாம் இருக்கிறது.
குதிரைக்காரர்கள் இரும்புக்கு மாறியது,
எந்தப் பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள்,
எந்த வண்டியின் சங்கிலி அறுந்தது,
சின்னங்களை அழித்துவிட்டுச் சத்தமில்லாமல்
இத்தாலியிலிருந்து ஹாலந்துக்குப் போன டிவிஷன்.

டிவிஷன் என்றால் எங்களுக்கு மூன்றாம் டிவிஷன்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாற்பது வீடு.
ஜப்பான்காரன் காலத்தில்
அங்கேயிருந்தும் ஆள் ஏற்றினார்கள், சயாமுக்கு.
எத்தனை லோரி? எந்தக் கிழமை?
ஆபீஸ் பெட்டகத்தில் தேடிப் பார்த்தேன்.
அதற்கு முந்தின பால் கணக்கு இருக்கிறது,
ராத்தல் பிசகாமல்.

காலை ஐந்தரை. பனி.
பதினாறு பேர், வங்காளதேசம்.
புதுத் தகட்டின்மேல் செருப்புச் சத்தம்.
ஒருவன் மூக்கைச் சுளித்து
அரைகுறை மலாயில் கேட்டான், என்ன வாடை என்று.
கித்தா என்றேன்.
புரியாமலே தலையாட்டினான், நல்ல பையன்.

எங்கே போகிறோம் என்று அவன் கேட்கவில்லை.
நானாகவே சொன்னேன்: மூன்றாம் டிவிஷன்.

இரவு மாடல் பெட்டியின் மூடியைத் திருப்பி
தேதி, லோரி நம்பர், பதினாறு பேர் எழுதினேன்.
வண்டி கிளம்புமுன் வாய்விட்டுக் கேட்டு வைத்த பேர்கள்.
இரண்டையாவது
தப்பாக எழுதியிருப்பேன்.
நாளைக்கு மறுபடி கேட்கவேண்டும்.