ஜெனரேட்டர்காரன் பார்த்த படம்

ரங்கூன், ஐம்பத்தொன்றாம் தெரு, நாலாம் மாடி.
கயிறு கட்டி ஏற்றினோம் மிஷினை,
நானும் ஒரு பர்மியப் பையனும்.
படம் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும் என்று
பாதிக் கூலியை முன்னாலேயே தந்தாள்
தின்ஸா மோ.
படம் எடுத்தவளாம்.
ஒட்ட வெட்டிய முடி, நகக்கண்ணில் சேறு.

படத்துக்குச் சத்தம் கிடையாது என்றாள்.
என் மிஷினுக்கு உண்டே என்றேன்.
இருக்கட்டும் என்றாள்.

சுவரில் ஒரு படுக்கை விரிப்பு.
இருபது நாற்காலி, முப்பது பேர்.
நான் பால்கனி வாசலில்,
ஒரு கண் பெட்ரோல் முள்ளில்.

முதலில் ஒரு கதவு வந்தது.
நீலக் கதவு. பூட்டில்லை.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
நாற்பது வருஷமாகப் படம் பார்க்கிறவன்;
கதவைக் காட்டினால் ஆள் வந்தாக வேண்டும்,
அண்ணனோ, கடன்காரனோ,
குறைந்தது ஒரு தபால்காரனாவது.
வரவில்லை.
கதவு. கதவு.
இன்னும் கதவு.
கழுத்து வலித்தபோதுதான் தெரிந்தது
பெயிண்ட் உரிந்த இடத்தில்
பழைய பச்சை இருப்பதும்,
கைப்பிடிக்குக் கீழே ஒரு குழந்தை
கரிக்கட்டையால் கிறுக்கியிருப்பதும்.

அப்புறம் மழை போலக் கீறல்கள்.
ஒரு மாசம் பசுண்டாங் ஓடைச் சேற்றில்
புதைத்து எடுத்த சுருளாம்.
பூஞ்சணம் பூத்த மஞ்சள் கதவின்மேல் ஊர்ந்தது.
கொசு என்று நினைத்து
என் முழங்காலில் நானே அடித்துக்கொண்டேன்.
ஓடை அரை மைல் தள்ளி,
சேறு மட்டும் மூக்கருகே நாறியது.

முன்வரிசையில் ஒருத்தர்
காசுக்கு இதுவா என்று எழுந்து போனார்.
போகிறபோது விரிப்பின்மேல் விழுந்த அவர் நிழல்
கதவுப் பக்கம் நடந்தது.
அந்த ஒரு நொடி
கதை தொடங்கிவிட்டது என்றே நம்பினேன்.

வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு
அறைந்தது முகத்தில்.
தாங்காமல் கண்ணை மூடினேன்.
இமைக்குள்ளே அதே கதவு,
சிவப்பாக.

அப்போதுதான் தும்மியது மிஷின்.
இரண்டு தும்மல், ஒரு விக்கல்.
நின்றுவிட்டது.
கலப்பட பெட்ரோல்;
பிளக்கில் கரி படிந்திருக்கும், கேட்டதுமே தெரியும் எனக்கு.
விளக்கு போச்சு, கதவு போச்சு.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை நேரம் கேட்ட சத்தமும் படத்தினுடையது,
இப்போது நின்றதும் படத்தினுடையது
என்றல்லவா இருக்கிறார்கள்.
ஸ்பேனர் கைக்கு வந்துவிட்டது.
எழப் போனேன்.

இருட்டில் கேட்டது:
கீழே கடையில் கடலைவடை பொரிகிற ஓசை,
ஓர் இருமல், ஒரு வளையல்,
உத்தரத்தில் பல்லி.
அப்புறம் நடுவரிசையில் ஒரு பெண்
மெதுவாக ஒரு பெயரைக் கூப்பிட்டாள்.
ஆண்பிள்ளைப் பெயர்.
வீட்டு வாசலில் நின்று
சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி,
ஒரே ஒரு தரம்.
பதில் வருமென்று
முப்பது பேரும் மூச்சை அடக்கியிருந்தோம்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்,
சத்தமில்லாமல்.

பிறகு பிளக்கைத் துடைத்து இழுத்தேன்.
கதவு அங்கேயேதான் இருந்தது.
கைதட்டினார்கள்.
கண்ணாடி போட்ட ஒரு மாணவன்
அந்த இருட்டுதான் படத்தின் உயிர் என்றான்.
தின்ஸா மோ என்னைப் பார்த்தாள்.
நான் கயிறு சுருட்டினேன்.

மீதிக் கூலி தரும்போது கேட்டாள்:
எவ்வளவு நேரம் இருட்டாயிருந்தது?
கடிகாரம் பார்க்கவில்லை என்றேன்;
பிளக் கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறும் நேரம்.
அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வர மணி பதினொன்று.
தட்டுவதற்குள் திறந்துவிட்டாள் செங்கமலம்.
கொஞ்சம் மூடேன் என்றேன்.
என்னது?
கதவை மூடு, நான் வெளியே நிற்கிறேன்.
குடித்திருக்கிறாயா என்று ஊதச் சொன்னாள்,
ஊதினேன்,
மூடினாள்.

எங்கள் கதவு பழுப்பு.
கீழ்மூலையில் எலி கடித்திருக்கிறது.
உள்ளே அவள் நிற்பது
இடுக்கில் தெரிகிற கால்விரலில் தெரிந்தது.