இடவலம் மாறிய ஆலயம்

தகட்டைச் சற்றே சாய்த்தால் ஆலயம் எழும்.
இன்னும் கொஞ்சம் சாய்த்தால்
சுவர் கறுக்கும், வானமும் கறுக்கும்,
சன்னல்கள் மட்டும் வெள்ளையாய் எரியும்.
நேராகப் பிடித்தால் ஒன்றுமில்லை:
என் மூக்குக்கண்ணாடி,
தலைக்கு மேலே ஒரு ட்யூப்லைட்.

உள்ளங்கை அகல வெள்ளித் தகடு.
இலினாய் மாநிலத்தில், மிசிசிப்பி வளையும் மேட்டில்
ஒரு காலத்தில் இருந்தது இது.
மோர்மன்கள் கட்டினார்கள்.
முடித்த சூட்டோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள்.
தீ ஒரே இரவில் தின்றது.
மிச்சத்தைக் காற்று தள்ளியது.
அதற்கும் மிஞ்சிய கல்லை
அண்டை அயலார் வண்டி வண்டியாய் ஏற்றிப்போனார்கள்:
கிணற்றுச் சுவருக்கு, நிலவறைக்கு,
பின்னால் குடியேறிய பிரெஞ்சுக்காரரின் பள்ளிக்கூடத்துக்கு.
முகம் செதுக்கிய நிலாக்கல் ஒன்று
பன்றித் தொட்டிக்கு முட்டுக் கொடுத்ததாம்.
சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

செவ்வாய்தோறும் வருகிறாள் அர்டித் ஸ்ட்ரிங்ஹாம்.
யூட்டாவில் முப்பது வருஷம் சாலை அளந்தவள்,
இப்போது ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்கிறாள்.
பூதக்கண்ணாடி, கூரான பென்சில்,
டிபன் டப்பாவில் முட்டை சாண்ட்விச்.
கடவுளைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை.
வாசற்படி எட்டா பத்தா
என்பதுதான் அவள் வழக்கு.

படத்தில் எட்டு.
எலிஹு பென்ரோஸ் வரைந்த காகிதம் அது.
முதலில் அரைவட்டச் சன்னல் போட்டிருக்கிறான்,
யாரோ வேண்டாமென்றிருக்கிறார்கள்,
அழித்துவிட்டு முழுவட்டம் போட்டிருக்கிறான்.
அழித்ததும் தெரிகிறது, அழியாததும் தெரிகிறது.
தூண் தலையில் சூரியனுக்கு மூக்கு உண்டு, வாய் உண்டு,
உச்சியில் எக்காளம் ஏந்திய இரண்டு கைகள்,
கைகளுக்கு உடம்பு இல்லை.
கோபுர முனையில்
படுத்தபடி பறக்கும் வானதூதர்.
ஓரத்தில் பொடி எழுத்தில் கணக்கு:
ஆணி, சுண்ணாம்பு, குழந்தைக்கு ஒரு ஜோடி காலணி.
காலணியை மட்டும் கோடிட்டு அடித்திருக்கிறான்.
வாங்கினானா, கைவிட்டானா,
காகிதம் சொல்லவில்லை.

தகட்டில் எண்ண முடியவில்லை.
படிகள் இருக்குமிடத்தில்
யாரோ விற்பனைக்கு வைத்த நாற்காலி மறைக்கிறது.

பிப்ரவரி. ஆறு உறைந்து கிடந்தது.
ஜோதாம் வேர் தன் பெட்டியைக் கூரைமேல் ஏற்றி
மூடியைத் திறந்து இருபது வரை எண்ணினான்.
தம்பிக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறான்:
"ஊரே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.
தெருவில் நெரிசல், அழுகை, மாட்டுச் சாணம்.
தகட்டைக் கழுவிப் பார்த்தேன்.
ஒரு பிள்ளை இல்லை."

நகர்ந்தவர் எவரும் பதியவில்லை.
நின்றது நின்றது: கல், வேலி,
உறங்கும் நாய், அந்த நாற்காலி.
நிலைத்தவை என்று ஒளி நம்பியவற்றில்
இன்று ஒன்றுகூட இல்லை.
போனவர்களின் பிள்ளைகளின் பிள்ளைகள்
வரி கட்டுகிறார்கள், பல் பிடுங்கிக்கொள்கிறார்கள்,
செவ்வாய்தோறும் என் மேசைக்கு வருகிறார்கள்.

"இங்கே பார்," என்றாள் அர்டித் போன வாரம்.
வேலியை ஒட்டி
ஈரத்துணி இழுத்த மாதிரி ஒரு மங்கல்.
அதன் நுனியில், ஊசிபோல் தெளிவாக,
ஒரு மாட்டுக் கொம்பு.
இருபது எண்ணுவதற்குள்
அது மட்டும் கொஞ்சம் தயங்கியிருக்கிறது.

வண்டி கிழக்கே போகிறது.
ஆற்றுக்கு அல்ல,
ஒஹாயோவுக்கு, அதற்கும் முன்னால்
விட்டுவந்த அடுப்புகளுக்கு.

இந்தத் தகடுகள் கண்ணாடி மாதிரி,
இடத்தை வலமாகக் காட்டும்.
அது எனக்குத் தெரியும். சாலை அளந்தவளுக்குத் தெரியாதா?
கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள்.
அதன் சின்ன வட்டக் கண்ணாடியைத்
தகட்டுக்கு எதிரே பிடித்தாள்.
ஆலயம் திரும்பி நின்றது. கொம்பும் திரும்பியது.
மேற்கே, பனிக்கட்டிமேல்,
வண்டி இறங்கத் தயாராக இருந்தது.

டப்பாவை மூடினாள்.
கிழக்கே போகும் வண்டியை
அதன் போக்கில் விட்டுவிட்டு,
நாற்காலிக் கால்களுக்கு இடையே
படிகளை மறுபடி
எண்ணத் தொடங்கினாள்.